லைன்லயே இருக்கேன்

எங்கள் தெருவில் எல்லோரும் அவரை மாமி என்றே கூப்பிட்டோம். மயிலாப்பூரில் அப்படிக் கூப்பிடப்படுகிறவர்கள் வீட்டுக்கு ஒருவர் உண்டு. ஆனால் வார்டு ஆபீஸில் ‘மாமி லைன்ல இருக்காங்க’ என்று யாராவது சொன்னால், எந்த மாமி என்று ஒருவரும் கேட்டதில்லை.

தொலைபேசி எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராகச் சேர்ந்து, சூப்பர்வைசராக ஓய்வு பெற்றவர். வருடக்கணக்கில் ஹெட்செட் மாட்டியதில் இடது காது மந்தம். வலது காதையும் அவர் முழுக்க நம்பியதில்லை. ஆகவே எந்தப் போனையும் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவார். அவர் இருந்தது தரைத்தளம், ஜன்னல் தெருவைப் பார்த்தது. நான் எதிர் வீட்டு முதல் மாடி. அவரும் அதிகாரிகளும் பேசிக்கொண்டதில் பெரும்பகுதி எனக்குத் தெரிந்தது இப்படித்தான். எனக்கு மட்டுமல்ல, அந்த நேரத்தில் கீரை வாங்கிக்கொண்டிருந்த எவருக்கும் தெரியும்.

அவருடைய முறை எளிமையானது. போனை அவர் முதலில் வைக்க மாட்டார். குப்பை லாரி வரவில்லை, விளக்கு எரியவில்லை, குழாய்த் தண்ணீரில் மண் வருகிறது என்று ஏதாவது ஒன்றுக்காகக் கூப்பிடுவார். அந்தப் பக்கத்தில் இருப்பவர் வழக்கம்போல, “பாத்துட்டு நானே கூப்பிடறேன் மேடம்” என்பார்.

“பாருங்கோ. நான் லைன்லயே இருக்கேன்.”

அதன்பிறகு மாமி பேச மாட்டார். கோபப்பட மாட்டார், மேலிடத்தில் சொல்வேன் என்று மிரட்ட மாட்டார். போனை மேஜைமேல் வைத்துவிட்டு அவரைக்காய் நறுக்குவார். குக்கர் விசில் அடிக்கும். உள் அறையில் மாமா இருமுவார். இதெல்லாம் அந்த முனையில் இருப்பவருக்குக் கேட்டுக்கொண்டே இருக்கும். ஒரு மனிதர் காத்துக்கொண்டிருக்கும் சத்தத்தை நீண்ட நேரம் கேட்டுக்கொண்டிருக்க யாராலும் முடியாது என்பது அவர் எக்ஸ்சேஞ்சில் கற்றுக்கொண்ட விஷயம்.

முன்பு இருந்த உதவிப் பொறியாளர் ஒருவர், போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுத் தன் வேலையைப் பார்க்கத் தொடங்கினார். மாமி அசையவில்லை. அந்த ஆபீஸின் மின்விசிறிச் சத்தம், டீ கொண்டு வந்தவரிடம் சர்க்கரை பற்றிய வாக்குவாதம், பொறியாளர் தன் மகன் கணக்கில் பின்தங்குவதைப் பற்றிச் சக ஊழியரிடம் புலம்பியது எல்லாம் எங்கள் தெருவுக்கு ஸ்பீக்கரில் வந்தது. வெகுநேரம் கழித்து அவர் போனை எடுத்துப் பார்த்து, “மேடம், இன்னுமா லைன்ல இருக்கீங்க?” என்றார்.

“டீ ஆச்சா சார்? பையனுக்கு டியூஷன் வெக்கறதுக்கு முன்னாடி கண்ணை ஒரு தரம் டெஸ்ட் பண்ணிடுங்கோ. போர்டு தெரியறதோ இல்லியோ. இப்போ நம்ம தெருவுக்கு வருவோமா?”

அன்று மாலையே விளக்கு எரிந்தது. சில வாரங்கள் கழித்து அந்தப் பொறியாளர் நேரில் வந்து, பையனுக்குக் கண்ணாடி போட்டாயிற்று என்று சொல்லிவிட்டுப் போனார். மாமி அவருக்கு டிகிரி காபி கொடுத்தார். கொடுத்துவிட்டு, தெருமுனையில் உடைந்திருந்த சாக்கடை மூடியையும் கையோடு அழைத்துப்போய்க் காட்டினார்.

‘நம்ம தெரு’ என்பது அவர் வாயில் ஒரு ஆளின் பெயரைப் போல இருக்கும். நம்ம தெருவுக்கு என்ன குறை, நம்ம தெருவை யார் கேட்பா, நம்ம தெரு மானம் போறது. மாமாவுக்குப் பக்கவாதம் வந்து படுக்கையில் விழுந்த பிறகு அவர் வேறு எங்கும் போவதில்லை. கோவிலுக்குக்கூட மாதத்தில் ஒரு நாள்தான். ஆகவே உலகமே அந்தத் தெருவளவுக்குச் சுருங்கிவிட்டது என்று நான் அந்த நாளில் நினைத்துக்கொள்வேன்.

தெருவுக்கு மறுபடியும் தார் போட வந்த நாளை இன்றும் பேசுகிறார்கள். பழைய ரோட்டைச் சுரண்டாமல் அதன் மேலேயே புது ரோட்டைப் போட்டுக்கொண்டு போவதால், ஒவ்வொரு முறையும் தெரு உயர்ந்து வீடுகள் தாழ்ந்தன. மாமி வீட்டு வாசலில் ஒரு காலத்தில் படியேறி உள்ளே போக வேண்டும். நான் குடிவந்தபோது தெருவும் வாசலும் சமமாக இருந்தன. அன்றைக்குப் போட்டிருந்தால் படியிறங்கி உள்ளே போக வேண்டியிருக்கும். மாமி ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைக் கொண்டுவந்து ரோடு ரோலருக்கு முன்னால் போட்டு உட்கார்ந்தார்.

“மேடம், எழுந்துருங்க. தார் ஆறுது,” என்றார் மேஸ்திரி.

“ஆறட்டும். சுரண்டிட்டுப் போடுப்பா. தோசை மேல தோசை வார்க்கறாப்ல வார்த்துண்டே போனா, நாங்க பாதாளத்துலதான் குடித்தனம் பண்ணணும்.”

ரோலர் டிரைவர் சிரித்தார். மேஸ்திரி கான்ட்ராக்டருக்குப் போன் போட்டார். மாமி அந்தப் போனை வாங்கி ஸ்பீக்கரில் போட்டுக்கொண்டார். மறுநாள் சுரண்டும் இயந்திரம் வந்தது. அந்த வட்டாரத்தில் சுரண்டிவிட்டுப் போட்ட ஒரே தெரு எங்களுடையது. அடுத்த தெருக்காரர்கள் வந்து பார்த்துவிட்டுப் பெருமூச்சு விட்டுப் போனார்கள்.

எங்கள் தெருவின் கிழக்குக் கோடியில் ஒரு சுவர் உண்டு. சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு சந்து. அது கால்வாயை நோக்கிச் சரிந்து இறங்கும். வரிசையாக ஓட்டு வீடுகளும் ஒற்றை அறை வீடுகளும். அந்தச் சுவர்தான் வார்டு எல்லை. தெருவிலிருந்து சந்துக்குப் போகச் சுவரின் ஓரத்தில் ஓர் ஆள் நுழையும் இடைவெளி இருந்தது.

அந்த இடைவெளி வழியாகத்தான் ஏழுமலையும் அவர் மனைவி கஸ்தூரியும் தினமும் காலையில் எங்கள் தெருவுக்கு வருவார்கள். புங்க மரத்தடியில் அவர்களுடைய இஸ்திரி வண்டி. ஏழுமலை அதிகம் பேச மாட்டார். கஸ்தூரி இரண்டு பேருக்கும் சேர்த்துப் பேசுவாள். மாமியிடம் அந்த அளவுக்கு வாயாடத் தெருவில் வேறு யாருக்கும் தைரியம் கிடையாது.

குழாயில் காற்று மட்டும் வந்துகொண்டிருந்த ஒரு கோடையில், மாமி லைனில் இருந்து இருந்து எங்கள் தெருவுக்குத் தண்ணீர் லாரி வரவழைத்தார். சந்திலிருந்து பெண்கள் குடங்களோடு வந்து வரிசையில் நின்றார்கள். மாமி அவர்களைத் திருப்பி அனுப்பினார். கடுமையாக அல்ல. அவர்களுடைய வார்டு ஆபீஸ் எங்கே இருக்கிறது, யாரிடம் கேட்க வேண்டும் என்று பொறுமையாகச் சொல்லி அனுப்பினார். வரிசையில் கஸ்தூரியைப் பார்த்ததும், “நீ புடிச்சுக்கோடி. நீ நம்ம தெரு,” என்றார்.

கஸ்தூரி குடத்தை இடுப்பிலிருந்து இறக்கவில்லை. “காலைல உங்க தெரு, பொழுது சாஞ்சா வேற வார்டு. நான் இன்னா மாமி, ரெண்டு ஓட்டா போடறேன்?” என்றாள்.

லாரிக்காரர் உட்பட எல்லோரும் சிரித்தார்கள். மாமியும் சிரித்தார். கஸ்தூரி நிரப்பிய குடத்தைச் சந்துக்குக் கொண்டுபோய் யாருக்கோ கொடுத்துவிட்டு மறுபடியும் வந்து நின்றாள். மாமி அதைக் கண்டும் காணாததுபோல் இருந்தார்.

மழை விஷயத்தில் மாமிக்கு ஒரு பயம் இருந்தது. அதை அவர் பயம் என்று சொன்னதில்லை. ஒரு ஐப்பசியில் பெய்த மழையில் தெருத் தண்ணீர் அவர் வீட்டுக்குள் புகுந்து, மாமாவின் கட்டில் சட்டத்தைத் தொட்டது. சாக்கடையும் கலந்த தண்ணீர். நாங்கள் நான்கு பேர் மாமாவைத் தூக்கிச் சாப்பாட்டு மேஜைமேல் படுக்க வைத்தோம். கால்கள் மேஜைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. மாமா பேச முடியாதவர். கூரையையே பார்த்துக்கொண்டிருந்தார். மாமி முழங்கால் தண்ணீரில் நின்று அவர் பாதங்களைப் பிடித்துக்கொண்டிருந்தார். மின்சாரம் இல்லை, போன் வேலை செய்யவில்லை. அவரை லைன் இல்லாமல் நான் பார்த்தது அந்த ஒரு நாள்தான்.

அதன்பிறகு அவர் மழைநீர் வடிகாலைத் தவிர வேறு எதையும் கேட்கவில்லை. இரண்டு வருடம் விடாமல் கேட்டு வாங்கினார். வடிகால் தோண்டும்போது தினமும் வெயிலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். பாதி வேலை முடிந்தபோது ஒரு சிக்கல் தெரிந்தது. எங்கள் வடிகாலை முனையிலிருக்கும் மெயின் ரோட்டு வடிகாலோடு சேர்ப்பதாகத் திட்டம். ஆனால் அந்த வடிகாலின் அடிப்பாகம் எங்களுடையதைவிட உயரத்தில் இருந்தது. சேர்த்தால் எங்கள் தண்ணீர் அங்கே போகாது. அங்கே இருப்பது எங்களிடம் வரும்.

மெயின் ரோட்டு வடிகாலை அடுத்த வருடம் இடித்துக் கட்டுவார்கள், அதுவரை முனையை அடைத்து வைக்கலாம் என்றார் புதிதாக வந்திருந்த உதவிப் பொறியாளர். இளைஞர், மரியாதையானவர். மாமிக்கு அந்த அடுத்த வருடம் வேண்டாம். ஒரு வாரம் முழுக்க லைனில் இருந்தார். கடைசியில் அவரே ஒரு வழியும் சொன்னார். சுவருக்கு அந்தப் பக்கம் சந்தின் பழைய வடிகால் இருக்கிறது, அது கால்வாயில்தான் போய் விழுகிறது. சுவரடியில் ஒரு துளை போட்டு அதில் விட்டுவிட்டால் என்ன?

“அது வேற வார்டு மேடம். அதுவுமில்லாம அந்த வடிகால் ரொம்பச் சின்னது. இதைத் தாங்காது.”

“தற்காலிகமாத்தானே சார். மெயின் ரோடு முடிஞ்சதும் அடைச்சுடலாம். நான் லைன்லயே இருக்கேன், யோசிச்சுச் சொல்லுங்கோ.”

அவர் யோசித்தார். ‘தற்காலிக இணைப்பு’ என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். சந்துக்காரர்களை யாரும் எதுவும் கேட்கவில்லை. அவர்கள் வேறு வார்டு. துளை போட்டுக் குழாய் பதித்த அன்று, மாமி ஒரு வாளித் தண்ணீரில் மஞ்சள் பொடியைக் கரைத்து எங்கள் முனையில் ஊற்றச் சொன்னார். பிறகு சுவரோரத்து இடைவெளியில் போய் நின்று அந்தப் பக்கம் பார்த்தார். சற்று நேரத்தில் சந்தின் வடிகாலில் மஞ்சள் ஓடியது. “போறது, போறது,” என்று கைதட்டினார். அவர் அப்படிச் சிறுபெண்போலச் சந்தோஷப்பட்டு அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

அந்த வருடம் மழை முன்னதாகவே தொடங்கியது. ஒரு நாள் பகல் முழுவதும் கொட்டியும் எங்கள் தெருவில் தண்ணீர் நிற்கவில்லை. மழை சற்று ஓய்ந்ததும் குடைகளோடு எல்லோரும் தெருவில் இறங்கி, ஈரமாக மட்டும் இருந்த ரோட்டை ஏதோ கோவில் பிராகாரத்தைச் சுற்றுவதுபோல நடந்து பார்த்தோம். யார் வீட்டிலிருந்தோ கேசரி வந்தது. மாமி முதல் கரண்டியை மாமாவுக்குக் கொண்டுபோனார்.

இஸ்திரி வண்டி மூன்று நாள் வரவில்லை. நான்காம் நாள் ஏழுமலை மட்டும் வந்தார். கரி நனைந்திருந்ததால் பற்றவைக்க வெகுநேரம் ஆயிற்று. சந்தில் இடுப்பளவு தண்ணீர் என்றார். அவர் அதைச் சொன்ன விதத்தில் குறை எதுவும் இல்லை. மழை என்றால் சந்தில் தண்ணீர் வரும், இந்தத் தடவை கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான்.

வெள்ளம் வடிந்தது. அதைவிடக் கெட்ட விஷயம் ஒன்று வடியாமல் நின்றது. சந்து வீடுகளில் குடிநீர்க் குழாயோடு இணைத்த அடிபம்பு. குழாயில் அழுத்தம் போதாததால் வாசலில் பள்ளம் தோண்டி, பம்பைத் தாழ்வாக வைத்திருப்பார்கள். எங்கள் தெருவிலிருந்து வந்த தண்ணீரில் அவர்களுடைய வடிகால் நிரம்பி வழிந்து, அந்தப் பள்ளங்களில் தேங்கியது. பம்பை அடித்தால் அதுவும் சேர்ந்து உறிஞ்சப்பட்டு வரும். ஒவ்வொரு மழைக்கும் இப்படியே.

கஸ்தூரி ஒரு நாள் பாட்டிலில் அந்தத் தண்ணீரைக் கொண்டுவந்து மாமியிடம் காட்டினாள். அவளுக்கு அப்போது ஆறு மாதம். கல்யாணமாகி வெகு வருடம் கழித்துத் தரித்தது. குடிக்கக் கேன் வாங்கிவிடுகிறோம், ஆனால் அரிசி களைவதும் பாத்திரம் கழுவுவதும் பல் துலக்குவதும் இதில்தானே என்றாள். மாமி பாட்டிலைத் திறந்து முகர்ந்தார். முகத்தைத் திருப்பிக்கொண்டார். காய்ச்சிப் பயன்படுத்தச் சொன்னார். அவர்களுடைய வார்டு ஆபீஸ் எண்ணையும் குடிநீர்ப் பிரிவு எண்ணையும் கஸ்தூரியின் போனில் தானே பதிந்து கொடுத்தார். தன் வித்தையையும் சொல்லிக்கொடுத்தார். “எது சொன்னாலும் வெச்சுடாதே. லைன்லயே இரு.”

இரண்டு நாள் கழித்துக் கஸ்தூரி வந்தாள்.

“நான் லைன்லதான் இருந்தேன் மாமி. அவங்க வெச்சிட்டாங்க.”

மாமி அதை நம்பவில்லை. திரும்ப அடித்தாயா, என்ன பேசினாய், எந்தக் குரலில் பேசினாய் என்று கேட்டார். மூன்று தடவை அடித்ததாகவும், மூன்று தடவையும் பேச ஆரம்பித்ததுமே வைத்துவிட்டதாகவும் கஸ்தூரி சொன்னாள். நேரில் போனதற்கு, தண்ணீர் பக்கத்து வார்டிலிருந்து வருகிறது, அங்கே போய்ச் சொல் என்றார்கள். இங்கே வந்தால், உங்கள் முகவரி அந்த வார்டு என்றார்கள். சந்தில் இரண்டு பேருக்கு மஞ்சள் காமாலை வந்திருக்கிறது. “எனக்கு வராம இருக்கணும்னு கிளினிக் அம்மா சொல்லினுகீது மாமி. நீங்க ஒரு வாட்டி பேசுங்க. நீங்க லைன்ல இருந்தா நடந்துடும்,” என்றாள்.

அன்று பிற்பகல் நான் மாமாவுக்கு மருந்து வாங்கிக்கொண்டு மாமி வீட்டுக்குப் போயிருந்தேன். வெளியே தூறிக்கொண்டிருந்தது. மறுநாள் கனமழை என்று காலையிலிருந்தே எச்சரிக்கை. மாமி உதவிப் பொறியாளரைக் கூப்பிட்டார். சந்தின் தண்ணீர் நிலைமையை, காமாலையை, கஸ்தூரியின் ஆறு மாதத்தை ஒழுங்காக எடுத்துச் சொன்னார். அந்த இளைஞர் எப்போதும்போல் ‘பாத்துட்டுக் கூப்பிடறேன்’ என்று சொல்வார் என்றுதான் நான் எதிர்பார்த்தேன். மாமியும் அதற்கான பதிலோடுதான் இருந்தார். ஆனால் அவர் வேறு சொன்னார்.

“மேடம், பாக்கறதுக்கு ஒண்ணும் இல்ல. நம்ம போட்ட இணைப்பாலதான் அது. அதை அடைச்சுட்டா அங்க தேங்காது. அரை மூட்டை சிமெண்ட்டு வேலை. ஆள் இங்கயே இருக்காங்க, இப்பவே அனுப்பறேன். நீங்க கேட்டுப் போட்டது, அதனால நீங்க ஒரு வார்த்தை சொல்லிடுங்க. நாளைக்கு மழைன்றாங்க, உங்க தெருல தண்ணி ஏறும். அதுக்கு அப்புறம் என்னைக் கூப்பிடக் கூடாது.”

மாமி உள் அறையைப் பார்த்தார். கட்டில் தெரிந்தது. அதற்கு இந்தப் பக்கம் சாப்பாட்டு மேஜை. ஸ்பீக்கரில் அந்த ஆபீஸின் சத்தம் வந்துகொண்டிருந்தது. யாரோ நாற்காலியை இழுத்தார்கள்.

“மேடம்? நான் லைன்லதான் இருக்கேன். சொல்லுங்க,” என்றார் அவர். கிண்டலாகச் சொல்லவில்லை என்றே நினைக்கிறேன்.

“மழை நிக்கட்டும் சார்,” என்றார் மாமி. பிறகு போனை வைத்துவிட்டார்.

என்னைப் பார்க்காமல் மருந்துச் சீட்டை வாங்கி, ஒவ்வொரு பட்டையாக எடுத்துச் சரிபார்த்தார். சரியாகத்தான் இருந்தது. மறுபடியும் முதலிலிருந்து சரிபார்த்தார்.

மறுநாள் காலை, வண்டியடியில் குடை பிடித்து நின்ற கஸ்தூரி மாமியைப் பார்த்ததும், “பேசினீங்களா மாமி?” என்று கேட்டாள்.

“பேசினேன்டி. மழை நின்னதும் பண்றேன்னிருக்கார்.”

மாமி பொய் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. கஸ்தூரி தலையாட்டினாள். அவர் சொல்லிவிட்டால் நடந்துவிடும் என்று பக்கத்திலிருந்த ஏழுமலையிடம் சொன்னாள். ஏழுமலை இஸ்திரிப் பெட்டியில் கரியை ஊதிக்கொண்டிருந்தார்.

மழை நிற்கவில்லை. ஒரு தாழ்வு நிலை கரையைக் கடந்ததும் அடுத்தது உருவானது. கார்த்திகை முழுவதும் அப்படியே போயிற்று. எங்கள் தெரு காய்ந்து கிடந்தது. மாமி ஒரு நாளைக்கு நாலு தடவை வாசலில் வந்து வானத்தைப் பார்ப்பார். இடையில் இரண்டு நாள் வெயில் அடித்தது. அந்த இரண்டு நாளும் சனி, ஞாயிறு. திங்களன்று காலை அவர் ஆபீஸுக்குப் போன் போடுவதற்குள் மறுபடியும் இருட்டிக்கொண்டு வந்தது.

மார்கழி பிறப்பதற்கு முன் கஸ்தூரியின் கண்கள் மஞ்சளாயின. வயிற்றில் பிள்ளையோடு இந்தக் காமாலை வந்தால் மிகவும் ஆபத்து என்று அரசு மகப்பேறு மருத்துவமனையில் சொல்லி உடனே சேர்த்துக்கொண்டார்கள். நானும் தெருக்காரர் ஒருவரும் போய்ப் பார்த்தோம். அவளுக்கு எங்களை அடையாளம் தெரியவில்லை. அதற்குள் நினைவு தப்பத் தொடங்கியிருந்தது. அந்த வாரத்திலேயே அவளும், வெளியே எடுக்கப்பட்ட பிள்ளையும் இறந்தார்கள்.

மாமி அன்றைக்கே உதவிப் பொறியாளரைக் கூப்பிட்டார். எந்த முன்னுரையும் இல்லாமல், “அடைச்சுடுங்கோ,” என்றார்.

“இல்ல மேடம். முடியாது. உங்க தெரு சங்கத்துலேந்து போன் வந்துச்சு. அதைத் தொடக் கூடாதுன்றாங்க.” சற்று நிறுத்தி, “போனை வெக்கவே மாட்டேன்றாங்க மேடம்,” என்றார்.

என்னோடு மருத்துவமனைக்கு வந்தவர் மூலம், துளையால்தான் இந்தக் காமாலை என்ற பேச்சு தெருவில் பரவியிருந்தது. மாமி எப்படியும் அடைக்கச் சொல்வார் என்று ஊகித்து முந்திக்கொண்டார்கள். அந்த ஞாயிறன்று அடுக்குமாடிக் கட்டடத்தின் கார் நிறுத்துமிடத்தில் கூட்டம் நடந்தது. மாமி தன் பிளாஸ்டிக் நாற்காலியை எடுத்துக்கொண்டு வந்திருந்தார். துளையை அடைக்க வேண்டும் என்றார். மெயின் ரோட்டு வடிகால் வரும்வரை ஒரு மோட்டார் வைத்துத் தண்ணீரை இறைக்கலாம் என்றார். நானும் அவர் பக்கம் பேசினேன். யாரும் சத்தம் போடவில்லை. எல்லோரும் அவரிடம் அன்பாகத்தான் பேசினார்கள்.

“மாமாவைத் திரும்பவும் டேபிள் மேல ஏத்தணுமா மாமி?” என்று கேட்டார் தரைத்தளத்தில் இருக்கும் ஒருவர்.

இன்னொருவர், ஜவுளிக்கடை வைத்திருப்பவர், தி.நகரிலிருந்து வந்து எங்கள் தெருவில் வீடு வாங்கியவர், “நடந்தது பெரிய கஷ்டம்தான். அந்தக் குடும்பத்துக்கு நம்மளால முடிஞ்சதைச் செய்வோம். ஆனா அது வேற வார்டு பிரச்சினை. நம்ம தெருவ நாமதானே பாக்கணும்? நீங்க சொல்லிக் குடுத்ததுதானே?” என்றார்.

மாமி அவரை நிமிர்ந்து பார்த்தார். பிறகு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

அதற்குப் பிறகு அவர் ஜன்னலிலிருந்து ஸ்பீக்கர் சத்தம் வரவில்லை. தெரு வேலைகளை மற்றவர்கள் பார்த்துக்கொண்டார்கள். குறை என்று சொல்ல எதுவுமில்லை. நன்றாகவே பார்த்துக்கொண்டார்கள். அந்தத் துளையை அடைக்காமல், தண்ணீர் தடையில்லாமல் ஓட உள்ளே சிமெண்ட் பூசி, மேலே புதுப் பலகைக்கல் பாவினார்கள். தற்காலிகம் என்ற வார்த்தையை யாரும் இப்போது சொல்வதில்லை.

ஏழுமலை பதினாறாம் நாள் காரியம் முடிந்து வேலைக்கு வந்தார். இருவர் நின்ற இடத்தில் ஒருவர் நின்று இஸ்திரி போட்டார். வண்டியில் கஸ்தூரி நின்ற பாதியில் மடித்த துணிகளை அடுக்கினார். மாமி வீட்டுத் துணிகளை முன்பெல்லாம் வேலைக்கார அம்மாள் கொண்டுபோய்க் கொடுப்பாள். இப்போது மாமியே எடுத்துப் போனார். கொடுத்ததும் திரும்ப மாட்டார். மரத்தடியில் சற்று நேரம் நின்றுவிட்டு வருவார். தை மாதம் முழுக்க இப்படி நடந்தது.

ஒரு நாள் காலை, நானும் என் சட்டைகளை வாங்க அங்கே நின்றிருந்தேன். மாமி புடவையை வண்டிமேல் வைத்தார். அதன் ஓரத்தை நீவிக்கொண்டே பேசினார். குரல் மிகவும் தாழ்ந்திருந்தது. தன் குரல் தனக்கே கேட்கிறதா என்ற சந்தேகம் அவருக்கு இருந்திருக்க வேண்டும், ஏனென்றால் அந்த ஒரு வாக்கியத்தையே இரண்டு முறை தொடங்கினார்.

“ஏழுமலை, அந்தத் துளை... அன்னிக்கு அவர் அடைக்கறேன்னுதான் சொன்னார். நான்தான்...”

“தெரியும் மாமி,” என்றார் ஏழுமலை. பெட்டியைத் தூக்கி, அடியிலிருந்த சாம்பலைத் தட்டினார். “மறுநாளே நான் போய்க் கேட்டதுக்கு ஆபீஸ்ல சொல்லிட்டாங்க. கஸ்தூரிகிட்டதான் நான் சொல்லல. அது உங்க பேர சொல்லித்தான் தைரியமா இருந்துது.”

மாமி புடவையிலிருந்து கையை எடுக்கவில்லை.

“கொஞ்சம் தள்ளி நில்லுங்க மாமி,” என்றார் ஏழுமலை. “பெட்டி சூடா கீது.”